அரைக் கிலோ அரிசியையும் திருப்பி அனுப்பாத மில்

இம்முறை சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் வீட்டில் கடைப் பலகாரம் ஒன்றுகூட வாங்கவில்லை. பயத்தம் பணியாரம், அரியதரம், முறுக்கு, சிப்பி ஆகிய நான்கையும் எங்கள் குசினியிலேயே சுட்டோம். இதைச் சாத்தியமாக்கிய இடம் என்று நான் நினைப்பது, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் தருமபுரம் கடந்து விசுவமடுவை நெருங்கும்போது உட்புறமாக இறங்கும் கிரவல் வீதியொன்றில், தகரக் கூரையின் கீழ் அரைச்சுவருடன் இயங்கும் சிறிய மா அரைக்கும் மில்லை. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. பெரிய புளியமரத்தையும் அதன் கீழ்ச் சாத்தியிருக்கும் சைக்கிள்களையும் வைத்தே அதை அடையாளம் காண வேண்டும். ஒன்பது வருடங்களாக நான் அங்கே போய் வருகிறேன். ஆனால் அதைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் இவ்வருடம்தான் வந்தது. எங்கள் பக்கத்து வீடுகள் சிலவற்றில் “இந்த விலைவாசியில் பலகாரம் சுடுவது கட்டாது, இரண்டு பைக்கற் வாங்கி வைத்துவிடுவோம்” என்ற பேச்சு பங்குனி நடுப்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. கட்டும் என்பதை என்னால் கணக்கோடு சொல்ல முடியும்.

மில்லில் மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்று நெல் குற்றுவது. மற்றொன்று அரிசி, பயறு, உழுந்து, குரக்கன் போன்ற தானியங்களை அரைப்பது. மூன்றாவது மிளகாய், மல்லி, மஞ்சள் அரைப்பதற்கென்று ஒதுக்கப்பட்டது. அரிசிக்குக் கிலோவுக்கு 50 ரூபாயும், உழுந்துக்கு 60 ரூபாயும், பயறுக்கு 70 ரூபாயும், மிளகாய்த்தூளுக்கு 100 ரூபாயும் இவ்வருடம் வாங்கினார்கள். நெல் குற்றும்போது தவிட்டை மில்லுக்கே விட்டுவிட்டால் கூலி கேட்பதில்லை. மாடு வளர்ப்பவர்கள் தவிட்டை எடுத்துக்கொண்டு கூலியைக் கொடுப்பார்கள். காலை ஆறரை மணிக்குத் திறந்து, மதியம் ஒரு மணி நேரம் மூடி, பின்னேரம் ஐந்து மணி வரை அரைக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் மதியத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

இந்த விபரங்களெல்லாம் வன்னியிலுள்ள எந்த மில்லுக்கும் ஏறத்தாழப் பொருந்தக்கூடியவையே. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இந்த மில்லில் வேறுபடுவது ஒன்றுதான்: அரைக் கிலோ அரிசியைக் கொண்டுபோய் வைத்தாலும் முகம் சுளிக்காமல், அந்த அரைக் கிலோவைத் தனியாகப் போட்டு, அதன் மாவைத் தனியாகப் பிடித்துத் தருகிறார்கள். பலகாரம் சுடுவதற்கு ஒரே வகை மா போதாது என்பது சுட்டவர்களுக்குத் தெரியும். அரியதரத்துக்குச் சற்றுக் கரகரப்பான ஈரமாவும், சிப்பிக்கு நைசான மாவும், முறுக்குக்கு வறுத்த உழுந்து மாவும், பயத்தம் பணியாரத்துக்குக் கோது நீக்கிய பயத்தம் மாவும் வேண்டும். வசதியுள்ள வீட்டில் ஒவ்வொன்றிலும் ஐந்து கிலோ அரைப்பார்கள். ஆறு பேர் இருக்கும் எங்கள் வீட்டில் ஒவ்வொன்றிலும் அரைக் கிலோவும் ஒரு கிலோவுமே அரைக்க முடியும். அந்தச் சிறிய அளவுக்கு இடமில்லாவிட்டால் பலகாரம் சுடும் எண்ணமே அங்கே முறிந்துவிடும்.

இதை அனுபவத்தில்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன்னர் நகரத்தில் வேறொரு வேலையாகப் போனபோது, அங்கேயே அரைத்துக்கொண்டு வரலாம் என்று இரண்டு கிலோ அரிசியை ஊறவைத்து வடித்து எடுத்துச் சென்றேன். பெரிய மில். கூட்டமும் பெரியது. என் அரிசியை வாங்கித் தராசில் வைத்தவர்கள், ஏற்கெனவே அரைத்துக் குவித்திருந்த மாவிலிருந்து அதே நிறையை அள்ளிப் பையில் போட்டுத் தந்தார்கள். என் அரிசி எங்கள் வயலில் விளைந்த சிவப்பு அரிசி. கையில் கிடைத்ததோ வெளிறிய, பழைய மணம் வீசும் மா. சிறிய அளவுகளைத் தனித்தனியே அரைக்க நேரமில்லை என்று அவர்கள் சொன்ன காரணம் எனக்கு விளங்கியது. ஆயினும் அந்த வருடம் அரியதரம் எண்ணெயில் விரிந்து கலைந்தபோது, என் மாமி தாச்சியைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்த அந்த நேரத்தை நான் மறக்கவில்லை. நெல்லை விதைத்ததிலிருந்து அரிசி குற்றியது வரை நின்று பார்த்தவர் அவர்.

புளியமரத்து மில்லில் அவ்வாறு நடப்பதில்லை. கொண்டுவருபவர்களின் பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டைத்துண்டில் பெயரும் நிறையும் எழுதிச் செருகுவது மில்லுக்கார ஐயாவின் மனைவியின் வேலை. ஒருவருடைய அரிசி முடிந்து மற்றொருவருடையது விழுவதற்கு முன்னர் இயந்திரத்தின் வாயில் கட்டியிருக்கும் துணிக்குழாயைத் தட்டி, உள்ளே தங்கியிருக்கும் மாவையும் அவரவர் பைக்குள்ளேயே உதறிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்திருக்கிறேன். உலர்ந்த அரிசி ஒரு கிலோ கொடுத்தால் இருபது, முப்பது கிராமுக்கு மேல் குறைந்ததில்லை.

நான் இங்கே முதன்முதலாகப் போன வருடத்தில் ஒரு தவறு செய்தேன். அதை இங்கே சொன்னால் புதிதாகப் போகிறவர்களுக்கு உதவும். அரிசியை மூன்று மணித்தியாலம் ஊறவைத்து, வடித்த கையோடு பையில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போய் இறங்கினேன். ஐயா பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அரிசியை எடுத்து இறுக்கிப் பொத்திவிட்டு விரித்துக் காட்டினார். அரிசி உள்ளங்கையில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு நின்றது.

“பிள்ளை, இது கட்டிப்படுது பாருங்கோ. உதறினா உதிரவேணும். இப்பிடியே போட்டா மிசினுக்குள்ள களியாப் போய் அடைச்சுக்கொள்ளும். உந்தச் சாக்கில ஒரு மணித்தியாலம் பரப்பி விடுங்கோ, மத்தியானத்துக்கு முன்னம் நான் அரைச்சுத் தாறன்.”

புளியமர நிழலில் சுத்தமான சாக்கொன்றை விரித்துத் தந்தவரும் அவரே. நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்பதையும், வெயிலில் போட்டால் அரிசி மேலே வெடித்து உள்ளே ஈரமாக இருக்கும் என்பதையும் அன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அரைத்து வரும் மா சூடாக இருக்கும். அதை உடனே பொலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துக் கட்டி பட்டுவிடும், புளித்த மணமும் ஏறும். ஆகவே பழைய தலையணை உறையையோ வெள்ளைத் துணிப்பையையோ கொண்டுபோவதும், வீட்டுக்கு வந்தவுடன் பாயில் வெள்ளைத் துணியை விரித்து மாவைப் பரப்பி ஆறவிடுவதும் நல்லது. ஈரமாவை அன்றைக்கே வறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கே குழைத்துவிட வேண்டும். மறுநாள் வரை வைத்திருந்தால் வீணாகும்.

மாவின் தரத்தைப் பற்றிச் சொல்வதானால், அரிதட்டில் அரித்துப் பார்த்ததே சரியான அளவுகோல். ஒரு கிலோ அரிசி மாவை நடுத்தரக் கண்ணுள்ள அரிதட்டில் அரித்தபோது எனக்கு ஒரு சிறங்கை கப்பிதான் மிஞ்சியது. அதைக் காலையில் கஞ்சிக்குப் போட்டேன். அரியதரத்துக்கு என்று சொன்னால் ஐயா இயந்திரத்தின் பக்கத்திலிருக்கும் திருகைச் சற்றுத் தளர்த்திவிட்டு, முதலில் வரும் மாவைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்துப் பார்த்து, நம்மையும் தேய்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மிகுதி அரிசியைக் கொட்டுகிறார். பயறுக்கு இரண்டு தடவை இயந்திரம் ஓட வேண்டும். வறுத்துக் கொண்டுபோகும் பயறை முதல் தடவை உடைத்து மட்டும் தருவார். அதை அங்கேயே ஒரு சுளகில் புடைத்துக் கோதை நீக்கிவிட்டுக் கொடுத்தால் இரண்டாவது தடவையில் நைசாக அரைத்துத் தருவார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கூலிதான். சுளகும் அங்கே இருக்கிறது. பயத்தம் பணியாரம் சிலரது வீட்டில் கசப்பதற்குக் கோது சேர்ந்து அரைபடுவதுதான் காரணம் என்று மாமி சொல்வார். இந்த மில்லில் அரைத்த மாவில் எங்களுக்கு அந்தக் கசப்பு வந்ததில்லை.

காத்திருக்கும் நேரம் சித்திரைக்கு முந்திய வாரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. நான் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வதால் எனக்கு அது நீளமாகத் தெரிவதில்லை. விடுமுறைக் காலம். புளியமரத்தின் கீழே வேறு வீட்டுப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள். இம்முறை என் மூத்த மகள் கிரவலில் ஒரே அளவான ஏழு கற்களைத் தேடி எடுத்து, முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகளோடு கொக்கான் வெட்டினாள். மகன் நெல் மூட்டைகள் நிறுக்கும் தராசின் அருகே நின்று ஒவ்வொரு பையின் நிறையையும் முன்கூட்டியே கணித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். ஐயாவின் மனைவியும் அவனைத் தடுக்காமல், “சரி, இதைச் சொல்லு பாப்பம்” என்று அடுத்த பையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கடையில் பலகாரப் பைக்கற்றை வாங்கும்போது பிள்ளைகளுக்கு இவற்றில் எதுவும் கிடைக்காது.

மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர் நடப்பது மில்லின் சேவையைச் சேர்ந்ததல்லவே என்று சிலர் கேட்கக்கூடும். என் பார்வையில் அதையும் சேர்த்தே இந்த இடத்தை மதிப்பிட வேண்டும். ஏனென்றால் இந்த மில் இடுப்பொடியும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, கைகூடிச் செய்யும் வேலை முழுவதையும் வீட்டுக்கே விட்டுவிடுகிறது. புத்தாண்டுக்கு மூன்று நாட்களுக்கு முந்திய இரவு நாங்கள் முற்றத்தில் பனம்பாயை விரித்து உட்கார்ந்தோம். அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் குழைத்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்து வைப்பது மாமி. புதிதாக வாங்கிய சீப்பின் பற்களில் அந்த உருண்டையை வைத்துப் பெருவிரலால் அழுத்தி இழுத்தால், முதுகில் வரிவரியாகக் கீறு விழுந்து, உள்பக்கமாகச் சுருண்டு ஒரு சிப்பி உருவாகும். அது மூன்று பிள்ளைகளின் வேலை. ஆறு வயதுக் கடைக்குட்டியின் பெருவிரல் சீப்பின் அரைவாசிக்குத்தான் எட்டும். ஆகையால் அவள் பிடித்தவை எல்லாம் மற்றவற்றின் பாதி அளவில், நுளம்புச் சிப்பி போல இருந்தன. அவற்றைத் தனியாக ஒரு ஓலைப்பெட்டியில் போட்டு, தனியாகப் பொரித்துத் தரவேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. பொரித்துச் சீனிப்பாகில் பிரட்டியபோது பெரியவற்றைவிட அந்தச் சிறியவைதான் உள்ளே வரைக்கும் மொறுமொறுவென்று வந்தன. அடுத்த வருடம் எல்லாவற்றையும் அந்த அளவிலேயே பிடிப்பது என்று மாமி அப்போதே முடிவு சொல்லிவிட்டார்.

முறுக்கு உரலைப் பிழிவது என் கணவரின் பொறுப்பு. உழுந்து மா சரியான நைசில் இல்லாவிட்டால் முறுக்கு உரலின் கண் அடைத்து நடுவில் அறுந்து அறுந்து விழும். இம்முறை ஒன்றுகூட அறுபடவில்லை. அரியதரத்துக்கான மாவைச் சீனி சேர்த்துக் குழைத்து, மூடி, இரவு முழுவதும் வைத்திருந்து மறுநாள் காலையில் சுட்டோம். பலகாரம் சுடும்போது முதலில் எடுப்பதைப் பிள்ளையாருக்கு என்று வாழையிலைத் துண்டில் வைத்துவிட்டுத்தான் மற்றவற்றில் கை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பிள்ளைகள் அதுவரை பொறுத்திருப்பது கடினம் என்றாலும் பொறுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாட்களும் வீட்டில் தொலைக்காட்சி போடவில்லை. போடும்படி ஒருவரும் கேட்கவுமில்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். பச்சையரிசி மூன்று கிலோ எங்கள் காலபோக நெல்லில் குற்றியதுதான் என்றாலும், கடை விலையில் 690 ரூபாய் என்று எழுதினேன். பயறு ஒரு கிலோ 950 ரூபாய், உழுந்து அரைக் கிலோ 650 ரூபாய், தேங்காய் நான்கு 720 ரூபாய், சீனி இரண்டு கிலோவும் சர்க்கரை அரைக் கிலோவும் சேர்த்து 730 ரூபாய், தேங்காயெண்ணெய் இரண்டு போத்தல் 1,600 ரூபாய், ஏலம், எள்ளு, சீரகம், கோதுமை மா போன்ற சில்லறைச் சாமான்கள் 400 ரூபாய். மில் கூலி எல்லாவற்றுக்குமாக 250 ரூபாய். மொத்தம் 5,990 ரூபாய். எங்கள் அரிசியைக் கழித்தால் கையிலிருந்து போனது 5,300 ரூபாய். விறகுக்குச் செலவில்லை. வளவில் விழுந்த தென்னம்பாளையும் பனம்மட்டையும் போதுமாக இருந்தன. இந்தச் செலவில் எண்பது பயத்தம் பணியாரமும், அறுபது அரியதரமும், அறுபது முறுக்கும், ஒன்றரைக் கிலோ அளவில் சிப்பியும் கிடைத்தன. இதே எண்ணிக்கையை எங்கள் சந்திக் கடையில் அதே வாரத்து விலைக்கு வாங்கியிருந்தால் 10,400 ரூபாய் ஆகியிருக்கும். மிஞ்சிய பணத்தில் மூத்தவளுக்கு ஒரு சட்டைத்துணியும், மூன்று பிள்ளைகளுக்கும் மாமி கொடுக்கும் கைவிசேஷத்துக்குப் புதுத்தாள்களும் அடங்கின.

ஆனால் இந்த மில்லைப் பற்றி நான் அக்கறையோடு எழுதுவதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. போர்க்கால இடப்பெயர்வுக்கு முன்னர் எங்கள் வீட்டில் முதிரை உலக்கையும் மர உரலும் இருந்தன. மாமி கலியாணமாகி வந்தபோது அவருடைய அம்மா கொடுத்தனுப்பியவை. 2009இல் நாங்கள் கையில் எடுத்த சாமான்களில் உரலுக்கு இடமிருக்கவில்லை. 2010ஆம் ஆண்டுச் சித்திரையைச் செட்டிகுளத்து முகாமில், நிவாரணத்துக்குக் கிடைத்த கோதுமை மாவைச் சீனியோடு குழைத்துத் தட்டிப் பொரித்துக் கொண்டாடினோம். அதைப் பலகாரம் என்று சொல்லித்தான் மாமி பிள்ளையாருக்கு வைத்தார். மீள்குடியேறிய முதல் வருடங்களில் அருகில் மில் இல்லை. மறுபடி உரல் வாங்க வசதியுமில்லை. பலகாரம் சுடுவதை நாங்கள் கைவிட்டுவிடும் நிலையில் இருந்தபோதுதான் இந்த மில் திறந்தது. முதல் வருடம் அரைத்த ஒரு கிலோ மாவை மாமி அரிதட்டில் அரிக்கும்போது மணிக்கட்டைத் தட்டும் அந்தத் தாளத்தை என் மகள் வாய்திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. இப்போது அவளே அரிக்கிறாள், அதே தாளத்தில்.

2022ஆம் ஆண்டுச் சித்திரையையும் குறிப்பிட வேண்டும். பங்குனிக் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்த காலம் அது. சமையல் வாயுவும் இல்லை, டீசலும் இல்லை. மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்து இரவு பத்து மணிக்கும் மில்லைத் திறந்து அரைத்துத் தந்தார்கள். அந்த வருடம் கூலியைக் கூட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் கூட்டவில்லை. ஒருவருக்கு ஒரு கிலோதான் என்று அளவை மட்டும் குறைத்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் அரைத்துக் கொடுத்தார்கள்.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை மறைக்க விரும்பவில்லை. மிளகாய்க்குத் தனி இயந்திரம் இருந்தாலும், இரண்டும் ஒரே கூரையின் கீழே ஐந்தாறு அடி இடைவெளியில் நிற்கின்றன. தைப்பொங்கலுக்கு முந்திய நாளொன்றில், பக்கத்து இயந்திரத்தில் கொச்சிக்காய் அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அரைத்த என் அரிசி மாவில் காரத்தின் நெடி ஏறிவிட்டது. புட்டுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இனிப்புப் பலகாரத்துக்கு என்றால் கெட்டுப்போயிருக்கும். நான் சொன்னதும் ஐயா மறுப்பேதும் சொல்லாமல் அடுத்த முறை கூலி வாங்காமல் அரைத்துத் தந்தார். பண்டிகை வாரங்களில் மிளகாய் அரைப்பதைப் பின்னேரம் மூன்று மணிக்குப் பின்னர் மட்டும் என்று இப்போது வைத்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் இந்த ஒழுங்கு இல்லை. ஆகையால் இனிப்புக்கு மா அரைப்பவர்கள் காலையில் போவதும், போனவுடன் மிளகாய் ஓடுகிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

இதைவிடப் பெரிய குறை பாதுகாப்பு. மோட்டரிலிருந்து இயந்திரத்துக்கு ஓடும் பெல்டுகள் நீண்ட காலம் மூடியில்லாமல் திறந்தே இருந்தன. சேலைத் தலைப்போடும் விரித்த கூந்தலோடும் பெண்கள் நிற்கும் இடத்தில், பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில், அது எந்த நேரத்திலும் ஒரு விபத்தைக் கொண்டுவரக்கூடியது. நானும் வேறு சிலரும் சொன்னதன் பின்னர் அரிசி இயந்திரத்தின் பெல்டுக்குக் கம்பி வலை அடித்திருக்கிறார்கள். நெல் குற்றும் இயந்திரத்துக்கு இன்னும் அடிக்கவில்லை. அது முடியும் வரை பிள்ளைகளை அரைச்சுவருக்கு இப்பால், மரத்தடியிலேயே வைத்திருங்கள். மழைக் காலத்தில் கிரவல் வீதி சேறாகிவிடும். கார்த்திகை, மார்கழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். வயதானவர்கள் உட்காருவதற்கு இரண்டு வாங்குகள் மட்டுமே இருக்கின்றன. பெண்களுக்கு மலசலகூட வசதி வேண்டும் என்றால் மில்லுக்காரர் வீட்டில்தான் கேட்க வேண்டும். அவர்கள் மறுப்பதில்லை என்றாலும் தெரியாதவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள். காலையில் ஆயிரம் ரூபாய்த்தாளோடு போனால் மாற்றக் காசு இருக்காது, சில்லறை கொண்டுபோங்கள்.

இருபது, முப்பது கிலோ என்று மொத்தமாக அரைப்பவர்களுக்கும், மாவை வறுத்தே தர வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கும் இந்த இடம் பொருந்தாது. இங்கே வறுக்கும் வசதி இல்லை. கலியாணவீட்டுப் பலகாரச் சூட்டுக்கு மா வேண்டுமென்றால் நகரத்துப் பெரிய மில்களே வசதி. தன் வீட்டு அரிசியை, தன் வீட்டு ஆட்கள் சாப்பிடும் அளவுக்கு, தன் கண் முன்னே அரைத்துக்கொண்டு போக விரும்பும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடத்தை இந்தப் பக்கத்தில் நான் காணவில்லை. புத்தாண்டன்று காலையில் மருத்துநீர் வைத்து முழுகி, முற்றத்தில் புக்கை பொங்கி முடித்த பின்னர், அயல்வீடுகளுக்கு என்று ஓலைப்பெட்டிகளில் பலகாரம் எடுத்து வைத்தபோது, மில்லுக்கும் ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று நினைவுபடுத்தியது என் மகன்தான். அவனும் தங்கையும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது அதே பெட்டி நிறைய அந்த வீட்டுக் கொக்கிஸ் பலகாரம் வந்தது.

அடுத்ததாக ஆடிப்பிறப்பு வருகிறது. கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் அரிசி மாவும், ஒடியற்கூழ் காய்ச்சுபவர்களுக்கு ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவும் தேவைப்படும் நாட்கள் அவை. ஒடியலை எல்லா நாளும் இங்கே அரைப்பதில்லை. அது கடினமானது என்பதாலும் அதன் மணம் இயந்திரத்தில் தங்கிவிடும் என்பதாலும், ஆடிக்கு முந்திய வாரத்தில் இரண்டு நாட்களை ஒதுக்கி, அந்த நாட்களில் வேறு தானியங்களை எடுக்காமல் ஒடியலை மட்டும் அரைக்கிறார்கள். நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒடியலை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, கையால் ஒடித்தால் சத்தம் வரும் பதத்தில், விரலளவுத் துண்டுகளாக முறித்துக்கொண்டு போனால் மா நைசாக வரும். முழுதாகக் கொண்டுபோனால் அங்கேயே கல்லில் வைத்து உடைக்க வேண்டியிருக்கும், வரிசையில் உங்கள் இடமும் பின்னே போய்விடும். கூழுக்கும் கொழுக்கட்டைக்குமான அரிசியை அதற்கு முதல் நாளே அரைத்துவிடுங்கள்.